புல்லட் கிராங்கேஸ்: வெட் பிளாஸ்டிங் அடிக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

ஒத்தை_சிலிண்டர் (கோயம்புத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் 1984 மாடல் புல்லட் 350, வார்ப்பிரும்பு பிளாக் வண்டி. பதினோரு வருஷம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. போன மாதம் இன்ஜினை இறக்கிப் பிரித்துவிட்டேன். கிராங்கேஸ், அதாவது இன்ஜினின் கீழ்ப்பக்க அலுமினியக் கூடு, இரண்டு பாதியும் இப்போது திண்ணையில் பழைய சாக்கின் மேல் கிடக்கின்றன.

செயின் ஓடும் பக்கம் பிசுக்கு வெந்து கறுத்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பனைவெல்லம் மாதிரி பெயர்கிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நடுவில் யாரோ ஒரு மகராசன் சில்வர் பெயின்ட் வேறு அடித்திருக்கிறார், அது பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டீசல் ஊற்றி இரண்டு நாள் தேய்த்தேன். டிரில்லில் வயர் பிரஷ் மாட்டி ஓரமாக ஓட்டிப் பார்த்தேன், கோடு கோடாக விழுந்ததும் நிறுத்திவிட்டேன்.

பக்கத்து லேத்தில் "மணல் அடிச்சுக்கலாம், அரை மணி நேர வேலை" என்கிறார்கள். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடு என்கிறார் ஒருவர். வீடியோக்களில் எல்லாரும் வெட் பிளாஸ்டிங், வேப்பர் பிளாஸ்டிங் என்று தண்ணீரோடு ஏதோ கலந்து அடித்து, கம்பெனியிலிருந்து நேற்று வந்தது மாதிரி எடுக்கிறார்கள். எது சரி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எமரி_பேப்பர் (பீளமேடு)

தம்பி, முதலில் அந்த வயர் பிரஷ்ஷை எடுத்துப் பரண் மேல் போடுங்க. இரும்புக் கம்பியின் துணுக்கு அலுமினியத்தில் குத்தி உட்கார்ந்துவிடும். மழைக்காலம் வந்ததும் பழுப்புப் புள்ளியாக எட்டிப் பார்க்கும்.

காஸ்டிக் சொன்னவர் வேண்டாதவராக இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரும்புச் சாமானெல்லாம் காஸ்டிக் தொட்டியில் போட்டு எடுப்பது பார்த்து, ஒரு கார்பரேட்டரையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். சாதம் பொங்குகிற மாதிரி நுரைத்தது. அலுமினியமோ துத்தநாகமோ காஸ்டிக்கோடு சேர்ந்தால் உலோகமே கரையும், ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி பற்ற வைத்திருந்தால் இன்னொரு கதை. இருபது நிமிஷம் கழித்து எடுத்தபோது கரி பூசியது மாதிரி இருந்தது, ஜெட் மாட்டுகிற மரை எல்லாம் போயே போச்சு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

மணல் விஷயத்துக்குச் சாயங்காலம் வருகிறேன். இப்போது பட்டறையில் ஆள் நிற்கிறார்.

இரண்டு_ஸ்ட்ரோக் (மதுரை)

அண்ணே, யோசிக்கவே வேண்டாம், வெட் பிளாஸ்டிங்தான். என் ஆர்எக்ஸ் 100 ஹெட், பிளாக், கேஸிங் எல்லாம் போன தீபாவளிக்கு அடித்தேன். பார்க்கிறவன் எல்லாம் புதுசா என்றுதான் கேட்கிறான். கண்ணாடி மாதிரி பளபளப்பு வராது, பட்டு மாதிரி ஒரு மங்கல். அதுதான் அழகே.

எமரி_பேப்பர் (பீளமேடு)

வந்தாச்சு. மணல்.

மணல் அடித்துச் சுத்தம் செய்வது பழைய வித்தைதான். டில்மன் என்ற அமெரிக்கர் 1870இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரும்புப் பாலத்துக்கும் கப்பல் தகட்டுக்கும் நல்ல வேலை செய்யும். ஆனால் ஆற்று மணல் முனை முனையாக இருக்கும், அலுமினியத்தை விட எத்தனையோ மடங்கு கடினம். உங்கள் கிராங்கேஸ் மேல் அடித்தால் அழுக்கோடு உலோகத்தையும் அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மாதமே எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது.

அதைவிடப் பெரிய விஷயம் அடிக்கிறவருடைய நெஞ்சு. மணல் உடைந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகும். அதில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது, சிலிகோசிஸ். இங்கிலாந்தில் வார்ப்புகள் மேல் மணல் அடிப்பதை 1949இல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் சிலிகோசிஸ் வந்தால் அறிவித்தே ஆக வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மணல் அடிக்கிற பையன்களை இன்னும் பார்க்கிறேன். கைக்குட்டை அதைத் தடுக்காது. என்னோடு ஃபவுண்டரியில் இருந்த ஒருவர் ஐம்பது வயதில் மாடிப்படி நாலு ஏற முடியாமல் நின்று நின்று மூச்சு வாங்குவார். அதனால் அரை மணி நேர வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சிங்கை_நைட்ஷிப்ட் (சிங்கப்பூர்)

விமான இன்ஜின் பழுது பார்க்கும் இடத்தில் சுத்தம் செய்யும் பிரிவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டை. வெட் பிளாஸ்டிங் தினமும் கையில் பிடிக்கிற வேலை என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

பொருளை வைத்து அடிக்கிற மூடின பெட்டி, அதற்குக் கீழே தொட்டி. அதில் தண்ணீரும் கண்ணாடி மணியும். மணி என்றால் கோலமாவு அளவுக்குத்தான், 100, 150 மைக்ரான். ஒரு பம்ப் இந்தக் கலவையைக் கிளறிக்கொண்டே இருக்கும், துப்பாக்கி வரை ஏற்றிக்கொண்டும் வரும். துப்பாக்கியில் கம்ப்ரசர் காற்று சேர்ந்ததும் கலவை வேகமாக வெளியே பாயும். பெயரில்தான் வேப்பர், உள்ளே ஆவி எதுவும் கிடையாது.

உலர்ந்த மணி அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு மணியையும் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. மணி உலோகத்தைத் தொடும்போது அந்தத் தண்ணீர் மெத்தை மாதிரி அடியைத் தாங்கும். மணி உடைவது குறையும், உலோகத்தில் குத்திக்கொண்டு நிற்பதும் குறையும். பெயர்ந்த அழுக்கை அதே தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் அழுக்கின் மேலேயே திரும்ப அடிக்கிற நிலைமை வராது. தூசி பறக்காது. கண்ணாடி மணி உருண்டை, வெட்டாது. சின்னச் சின்னக் குழியாகத் தட்டி மேற்பரப்பை மூடும். மதுரை நண்பர் சொன்ன பட்டு மங்கல் அதனால்தான் வருகிறது. மணலால் அரித்த பரப்பு மாதிரி இது சீக்கிரம் கறை பிடிக்காது.

நீங்கள் கொடுக்கப் போகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தொட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? இதிலேயே துருப்பிடித்த இரும்பும் அடிப்பீர்களா?" கண்ணாடி மணியோடு அலுமினியம் ஆக்சைடு கலந்திருந்தால் அது வெட்டும், நிறம் சாம்பலாகப் போகும். காலையில் துருப்பிடித்த சேஸிஸ் அடித்துவிட்டு மதியம் அதே தண்ணீரில் உங்கள் கேஸிங்கை அடித்தால், எமரி அண்ணன் சொன்ன பழுப்புப் புள்ளி இங்கேயும் வரும். எங்கள் இடத்தில் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் தனித்தனி இயந்திரம், பூட்டுப் போட்டே வைத்திருப்போம்.

இன்னொன்று, இதை யாரும் வீடியோவில் சொல்ல மாட்டார்கள். மணி அடித்தால் மென்மையான உலோகத்தில் மயிரிழை விரிசல் மூடிக்கொள்ளும். விரிசல் அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. விரிசல் சோதனைக்கு முன்னால் கண்டபடி அடித்து வைத்தால் எங்கள் இன்ஸ்பெக்டர் வீடு வரை வந்து திட்டுவார். பழைய கிராங்கேஸ் என்றால், அடிப்பதற்கு முன்பே விரிசல் பாருங்கள்.

ஒத்தை_சிலிண்டர் (கோயம்புத்தூர்)

மிக்க நன்றி அண்ணா. விரிசல் சோதனைக்கு இங்கே எங்கே போவது? விரிசலைக் காட்டுகிற சாய ஸ்ப்ரே செட் வாங்க வேண்டுமா?

எமரி_பேப்பர் (பீளமேடு)

சாய ஸ்ப்ரே நல்லதுதான். இல்லையென்றால் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். பிசுக்கு போகக் கழுவிக் காய வையுங்க. மண்ணெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விடுங்க. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மெல்லிய துணியில் கட்டி மேலே தட்டுங்க. பத்து நிமிஷத்தில் விரிசலுக்குள் ஏறிய மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகக் காட்டும். இன்ஜின் மவுண்டிங் போல்ட் துளைகள், செயின் பக்கம், அடியில் டிரெய்ன் போல்ட் சுற்று, இந்த மூன்று இடத்தை விடாமல் பாருங்க. செயின் அறுந்து சுருட்டிக்கொண்டு கேஸிங்கைக் குத்திய வண்டிகள் நிறைய உண்டு.

ஒத்தை_சிலிண்டர் (கோயம்புத்தூர்)

சரிங்ண்ணா, ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். அப்புறம் ஒரு பேராசை. ஒரு பீப்பாய், ஒரு பம்ப், வீட்டில் இருக்கிற 2 எச்பி கம்ப்ரசர். நானே ஒரு பெட்டி செய்துகொள்ள முடியாதா?

கிக்கர்_ரிட்டர்ன் (அம்பத்தூர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். செய்தேன். முழுதாக ஒன்றரை வருஷமும் மூன்று பம்பும் போச்சு.

கம்ப்ரசரிலிருந்து தொடங்குவோம். 3 மில்லிமீட்டர் காற்று நாசில், ஐந்தரை பார் அழுத்தம் என்று வைத்தால் ஏறக்குறைய 17 சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு 17 கன அடி, காற்று தொடர்ந்து வேண்டும். எச்பிக்கு நாலு என்று கணக்குப் போட்டால் 5 எச்பி கம்ப்ரசர் தட்டுத்தடுமாறி ஓடும். துளையை 6 மில்லிமீட்டர் ஆக்கினால் காற்று நாலு மடங்கு. உங்கள் 2 எச்பி ஒரு நிமிஷம் அடித்துவிட்டு அதைவிட அதிக நேரம் மூச்சு வாங்கும். ஒரு கிளட்ச் கவர் அடிக்கவே பொழுது சாய்ந்துவிடும்.

அடுத்தது பம்ப். முதலில் ஏர் கூலருக்குப் போடுகிற சின்ன பம்ப். பத்து நிமிஷம். இரண்டாவது அரை எச்பி மோனோபிளாக். கண்ணாடி மணி அதன் இம்பெல்லரை எலி கடித்த மாதிரி ஆக்கிவிட்டது, சீல் போய் ஷாஃப்ட் வழியாகக் கலவை மோட்டாருக்குள். மூன்றாவதுதான் சேற்று பம்ப், ரப்பர் பூசிய இம்பெல்லர், இன்னும் ஓடுகிறது.

மூன்றாவது எதிரி மணிதான். வேலை முடிந்ததும் அப்படியே அணைத்துவிட்டுப் போனால் மணி மொத்தமும் அடியில் படியும். மறுநாள் காலையில் குழாய் வாயில் கெட்டிச் சிமென்ட் மாதிரி இறுகி நிற்கும். கையை விட்டுத் தோண்டித் தோண்டி நகக்கண்ணெல்லாம் வெள்ளை. இப்போது தொட்டியின் அடியைச் சரிவாக வெட்டி ஒட்டினேன், அணைப்பதற்கு முன் வெறும் தண்ணீர் ஐந்து நிமிஷம் ஓட்டுகிறேன்.

உள்ளே கண்ணாடிச் சன்னல் முழுக்கக் கலவை தெறிக்கும், எதுவுமே தெரியாது. ஆட்டோவின் வைப்பர் மோட்டார் ஒன்றை மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்கிறது.

ஒரே ஒரு இன்ஜினுக்காக என்றால் செய்யாதீர்கள். வெளியே கொடுங்கள்.

ஃபுல்_த்ராட்டில் (சேலம்)

வெளியே கொடுக்கிறதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

இதே புல்லட், இதே மாதிரி கிராங்கேஸ். ஒரு இடத்தில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பார்சல் பிரித்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. "கழுவித்தான் அனுப்பியிருக்கோம் சார்" என்றார்கள். நானும் நம்பி, குழாயடியில் ஒரு தடவை பிடித்துவிட்டு, துடைத்து, மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். 340 கிலோமீட்டர். ஏற்காடு மலை ஏறும்போது கீழே இருந்து டக் டக் என்று ஒரு சத்தம். பிக் எண்ட், கனெக்டிங் ராடு கிராங்கோடு சேருகிற இடத்து பேரிங்.

பிரித்துப் பார்த்தால் அதன் உள்ளே இருக்கிற புஷ் முழுக்கக் கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுக் மினுக் என்று. கண்ணாடி.

இந்த வண்டியில் எண்ணெய் பம்பிலிருந்து ஃபில்டர் வழியாக வந்து, டைமிங் கவர் துளை வழியாக கிராங்க் நுனிக்குள் புகுந்துதான் பிக் எண்டுக்குப் போகிறது. ஃபில்டர் வடிகட்டும், சரி. ஃபில்டரைத் தாண்டிய துளைக்குள்ளேயே மணி ஒளிந்திருந்தால் யார் வடிகட்டுவது? நேரே புஷ்ஷுக்குத்தான் போகும். அவர்கள் மேல் பாதி தப்பு, சரிபார்க்காமல் மாட்டியதில் மீதிப் பாதி என் மேல். கிராங்க் திரும்பக் கட்ட ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எமரி_பேப்பர் (பீளமேடு)

ஃபுல்_த்ராட்டில் தம்பி சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படியுங்க. பிளாஸ்டிங் அடிப்பது பாதி வேலைகூட இல்லை. அடிப்பதற்கு முன் அடைப்பதும், அடித்த பின் கழுவுவதும்தான் வேலை.

நான் செய்கிற விதம் இது. கொடுப்பதற்கு முன் பிசுக்கு ஒரு சொட்டு இல்லாமல் எடுத்துவிடுவேன். எண்ணெயோடு போனால் அவர்கள் தொட்டித் தண்ணீர் நுரைத்து, மணி கட்டி கட்டியாக ஒட்டும். அப்புறம் எண்ணெய் வழி எங்கெங்கே வாய் திறந்திருக்கிறதோ எல்லாவற்றுக்கும் அடைப்பு. மரை உள்ள துளைக்குப் பழைய போல்ட்டைத் திருகி வைப்பேன். மரை இல்லாததுக்கு ரப்பர் கார்க். வெறும் ஒட்டு டேப் போட்டால் தண்ணீரில் ஐந்து நிமிஷத்தில் உரிந்துவிடும். பேரிங் உட்காருகிற வட்டத்துக்கு, லேத்தில் கடைந்த நைலான் மூடி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு பாதி சேருகிற முகத்தில் பழைய கேஸ்கெட்டை வைத்து மேலே பிளைவுட் பலகையைப் போல்ட் போட்டு முறுக்குவேன். கிராங்கேஸின் உள்பக்கத்தை அடிக்கவே விடமாட்டேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? எண்ணெய்தானே ஓடப்போகிறது.

திரும்பி வந்ததும் எல்லா அடைப்பையும், கம்பெனி போட்ட திருகு மூடிகளையும் கழற்றுவேன். மூடிக்குப் பின்னால்தான் மணி குடித்தனம் நடத்தும். ஒவ்வொரு மரையிலும், மரை வெட்டுகிற டேப் கருவியைக் கையால் மெதுவாக ஓட்டி எடுக்கணும். ஓட்டும்போதே நறநற என்று விரலுக்குத் தெரியும். ஆழமான துளைக்கு நைலான் பிரஷ், துப்பாக்கிக் குழல் துடைக்கிற மாதிரி நீளமானது. வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும். அப்புறம் காற்று, ஒரு துளையில் அடித்து மறு துளையில் வருகிறதா என்று பார்த்து. காய்ந்த பிறகு திரும்ப முதலிலிருந்து. ஈரமாக இருக்கும்போது மணி சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும், காய்ந்தால்தான் உதிரும். அதனால் ஒரே நாளில் ஐந்து தடவை கழுவுவதை விட, காயவைத்துக் காயவைத்து மூன்று நாள் கழுவுவது மேல்.

யாழ்_மொரிஸ் (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கட பக்கம் மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 எல்லாம் இன்னும் ஓடித் திரியுது. யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின கார்கள்தான் கனக்க. அதனால் உள்ளுக்குள் கரி அப்பிப் போய்க் கிடக்கும். என்னட்ட இருக்கிற மொரிஸின்ர எஸ்யூ கார்புரேட்டரை வெட் பிளாஸ்டிங் செய்யலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். செய்யலாமோ, அண்ணை?

சிங்கை_நைட்ஷிப்ட் (சிங்கப்பூர்)

வெளிப்பக்கம் மட்டும் என்றால் சரி. ஆனால் அதன் மேலே குடம் கவிழ்த்த மாதிரி இருக்கிற மூடியும், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. அந்த நூலிழை இடைவெளியில்தான் கார்புரேட்டரே வேலை செய்கிறது. உள்ளே ஒரு தடவை மணி பட்டாலும் பிஸ்டன் ஒழுங்காக விழாது. அந்த இரண்டையும் கையால், மெல்லிய துணியும் பெற்றோலும் வைத்துத் துடையுங்கள்.

கார்புரேட்டரின் உடம்புக்கு நான் அல்ட்ராசோனிக் தொட்டியைத்தான் சொல்வேன். 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் தண்ணீருக்குள் கோடிக்கணக்கான சின்னக் குமிழ்கள் பிறந்து உடையும், உடையும்போது பரப்பில் இருக்கிற அழுக்கை உரித்து எடுக்கும். தண்ணீர் போகிற துளைக்குள் எல்லாம் அது போகும், எந்த மணியும் உள்ளே தங்காது. தண்ணீர் 50, 60 டிகிரி சூட்டில் இருக்கட்டும். அலுமினியத்துக்கு ஏற்ற மென்மையான சோப்புக் கரைசல். பொருளை அடியில் வைக்காமல் கூடையில் தொங்கவிடுங்கள். தொட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, சமையலறை அலுமினியத் தாளை ஒரு நிமிஷம் முக்கிப் பிடியுங்கள். பொத்தல் பொத்தலாக வந்தால் நல்ல தொட்டி. தயவுசெய்து அதில் பெற்றோல் ஊற்றாதீர்கள். ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்_மொரிஸ் (யாழ்ப்பாணம்)

நல்லது, அண்ணை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருத்தரிட்ட ஒரு சின்னத் தொட்டி கிடக்கு. கேட்டுப் பாக்கிறன்.

புது_பேட்டரி (சென்னை)

எல்லாரும் இன்னும் தண்ணீரிலேயே நிற்கிறீர்களே. லேசர் வந்தாச்சு. துப்பாக்கி மாதிரி காட்டினால் துரு ஆவியாகப் போகிறது. தண்ணீர் இல்லை, மணி இல்லை, கழுவ வேண்டாம்.

சிங்கை_நைட்ஷிப்ட் (சிங்கப்பூர்)

எங்களிடமும் ஒன்று இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். சில அச்சுகளுக்கும், வெல்டிங் செய்வதற்கு முன் விளிம்பைச் சுத்தம் செய்வதற்கும் அதை விட்டால் ஆளில்லை. சிற்பங்களுக்குக்கூடப் பயன்படுகிறது. 1970களிலேயே வெனிஸில் கருத்துப்போன சலவைக்கல் சிலைகளில் ஜான் அஸ்மஸ் என்ற இயற்பியலாளர் செய்து காட்டினார்.

ஆனால் வீடியோவில் வருகிற மலிவான இயந்திரங்கள் பெரும்பாலும் நிற்காமல் எரிகிற வகை, 1000, 2000 வாட். துருவோடு அடியில் உள்ள உலோகத்தையும் சுடும். துடிப்பு துடிப்பாக அடிக்கிற வகைதான் நுட்பமான வேலைக்கு, அதன் விலை வேறு உலகம். அலுமினியம் அந்த ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். திரும்பி வருகிற கண்ணுக்குத் தெரியாத ஒளி விழித்திரையில் பட்டால் ஒரே நொடி போதும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அதற்கு ஆகாது, அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடி வேண்டும். எண்ணெய் ஊறின பெயின்ட்டை எரித்தால் வருகிற புகையையும் யாராவது மூச்சில் வாங்கத்தானே வேண்டும். குழியும் மூலையுமாக இருக்கும் கிராங்கேஸுக்கு இது தோதுப்படாது. ஒளி நேராகத்தான் போகும், மூலைக்குள் திரும்பாது.

புது_பேட்டரி (சென்னை)

சரி, டிரை ஐஸ்?

கிக்கர்_ரிட்டர்ன் (அம்பத்தூர்)

டிரை ஐஸ் நான் வேலை பார்க்கிற இடத்தில் வந்து டெமோ காட்டினார்கள். மைனஸ் 78 டிகிரி, அரிசி மாதிரி குச்சி குச்சியாக. பட்டதும் பிசுக்கு சில்லிட்டு நொறுங்கும், ஐஸ் வாயுவாகப் போய்விடும், பெருக்க வேண்டியது பெயர்ந்த அழுக்கு மட்டும்தான். மோட்டார் காயில், பேனல் போர்டு, ரப்பர் அச்சு இவற்றுக்குப் பிரமாதம். ஆனால் அலுமினியத்தில் பூத்த வெள்ளையையும் இரும்பின் ஆழமான துருவையும் அது அசைக்காது. கதவு மூடின அறையில் அடித்தால் கார்பன் டை ஆக்சைடு நிரம்பும். டெமோ அன்று இரண்டு ஷட்டரையும் திறக்கச் சொன்ன பிறகுதான் தொடங்கினார்கள். ஐஸை வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது, பெட்டிக்குள்ளேயே காணாமல் போய்விடும்.

இரண்டு_ஸ்ட்ரோக் (மதுரை)

எங்கள் தெருவில் ஒருத்தர் ஆப்பச்சோடா அடிக்கிறார். உண்மையிலேயே ஆப்பச்சோடா. வேலைக்காகுமா?

சிங்கை_நைட்ஷிப்ட் (சிங்கப்பூர்)

ஆகும், சிரிக்க வேண்டாம். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை 1980களில் புதுப்பித்தபோது, உள்பக்கச் செப்புத் தகட்டில் ஒட்டியிருந்த தாரை எடுக்க அதைத்தான் அடித்தார்கள். தார் போகணும், மெல்லிய செம்புக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அதற்கு அவ்வளவு மென்மையான பொருள் தேவைப்பட்டது. மிச்சம் மீதி தங்கினாலும் தண்ணீரில் கரைந்துவிடும் என்பது இன்ஜினுக்குள் பெரிய நிம்மதி. ஆனால் ஆக்சைடு போகாது, பட்டு மங்கலும் வராது. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நன்றாகக் கழுவ வேண்டும், சோடா மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

ஃபுல்_த்ராட்டில் (சேலம்)

நட்டு போல்ட்டு, ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் மாதிரி இரும்புச் சாமானுக்கு என்ன செய்யலாம்?

எமரி_பேப்பர் (பீளமேடு)

இரும்பை வெட் பிளாஸ்டிங் அடித்தால் காய்வதற்குள் மஞ்சள் பூத்துவிடும். தண்ணீரில் துரு தடுக்கிற மருந்து கலந்திருக்கணும், எடுத்த உடனே காற்றடித்து எண்ணெய் பூசணும். வீட்டிலேயே என்றால் எலுமிச்சை உப்பு போதும். எங்கம்மா பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே சங்கதிதான், அமிலம் வேறு. ராத்திரி போட்டுக் காலையில் எடுத்து, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்க. வாரக்கணக்கில் மறந்துவிட்டால் துருவோடு இரும்பும் போகும்.

சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்தும் துரு எடுக்கலாம். சாமானுக்கு நெகட்டிவ், பாசிட்டிவில் பழைய இரும்புத் தகடு. அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் மாட்டாதீங்க, அதிலிருக்கிற குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். அலுமினியத்தை இதில் போடக்கூடாது. வால்வு ஸ்பிரிங்கை அமிலத்திலும் போடாதீங்க, இதிலும் போடாதீங்க. ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் ஸ்பிரிங் திடீரென்று ஒருநாள் முறியும்.

சிறுவாணி_தண்ணி (கோயம்புத்தூர்)

ஒன்றை யாருமே சொல்லவில்லை: தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் வட்டம் வட்டமாக உப்புக்கறை விழும், அடித்த அழகெல்லாம் போச்சு. உப்பு அதிகமான தண்ணீர் அலுமினியத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கவும் செய்யும். எங்களுக்குச் சிறுவாணி வருகிறது, கவலையில்லை. மற்றவர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிக்கர்_ரிட்டர்ன் (அம்பத்தூர்)

சரியான பாயின்ட். கூடவே, பெட்டியில் மிஞ்சுகிற சேற்றைச் சாக்கடையில் விடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், பழைய போல்ட் முலாமில் காட்மியம் இருக்கும். நான் படியவிட்டு, தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சேற்றைக் காயவைத்து மூட்டை கட்டி, கம்பெனியின் அபாயக் கழிவோடு அனுப்பிவிடுகிறேன்.

ஒத்தை_சிலிண்டர் (கோயம்புத்தூர்)

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சாக்பீஸ் சோதனை செய்தேன். டிரெய்ன் போல்ட் பக்கம் ஒன்றுமில்லை. செயின் பக்கம், பின் மவுண்டிங் துளைக்குக் கீழே, வெள்ளைப் பொடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஈரக்கோடு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி மூணுல பல்லடம் ரோட்ல செயின் அறுந்துச்சு" என்றார். அதுவரை ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. விரிசல் நுனியில் துளை போட்டு, வி வடிவத்தில் அரைத்து, டிக் வெல்டிங் வைத்தாகிவிட்டது. நேராக பிளாஸ்டிங் போயிருந்தால் அந்தக் கோடு மூடிப் போயிருக்கும்.

அப்புறம்தான் அடிக்கக் கொடுத்தேன். தொட்டியில் என்ன என்று கேட்டதும் முதல் இடத்தில் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவது இடத்தில் சல்லடையில் அள்ளி உள்ளங்கையில் போட்டே காட்டினார்கள். அங்கேயே கொடுத்தேன். நிறம் நான் நினைத்ததை விட அமைதியாக வந்திருக்கிறது. வெல்டிங் வைத்த இடம் மட்டும் ஒரு சாயல் வெளுப்பு, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது கழுவும் படலம். ஒவ்வொரு தடவையும் கழுவின தண்ணீரை அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, காயவைத்து, இருட்டில் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். முதல் தடவை ஒரு டீஸ்பூன் இருக்கும், துணி முழுக்க நட்சத்திரம். மூன்றாம் தடவை எண்ணிவிடலாம், பதினாறோ பதினேழோ. ஐந்தில் ஒன்றுமே இல்லை. வெற்றி என்று டைமிங் கவரின் திருகு மூடியைத் திருப்பி மாட்டப் போனபோது, எமரி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து டேப்பை அந்த மரையில் ஒரு சுற்று ஓட்டினேன். நற என்றது. வெளியே எடுத்தால் டேப்பின் பள்ளத்தில் வெள்ளையாக ஒரு கோடு, கோலமாவு ஒட்டின மாதிரி. ஆறாவது கழுவலில் வேட்டியில் திரும்பவும் நாலு நட்சத்திரம்.

எமரி அண்ணா, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டு ஞாயிறு அன்று ஏழாவது. வருகிறீர்களா? டீ எங்கள் செலவு.

எமரி_பேப்பர் (பீளமேடு)

வர்றேன். நீள பிரஷ் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் மாட்டாதீங்க.